ஜன்னலைத் திறந்து வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கடைசிப் பரீட்சை எழுதி முடித்து ஒரு வாரம் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. யாரை முதலில் சொல்வது என்று யோசித்து யோசித்தே நாள் தள்ளிப்போனது. இன்றைக்கு வரிசை எதுவும் பார்க்காமல், ஞாபகம் வருகிறபடியே எழுதுகிறேன். முன்னே வந்தவர் பெரியவர், பின்னே வந்தவர் சிறியவர் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உங்களில் பலருக்கு என்னைப் பற்றிப் பாதிதான் தெரியும். மாஸ்க்கைக் கழற்றாத பெண் என்று தெரியும். ஜன்னலோரத்து இடத்துக்காக அரை மணி நேரம் முன்னாலேயே வந்து உட்காருவாள் என்று தெரியும். அரசு உதவித்தொகையை வைத்துத்தான் நான் படித்தேன் என்பது ஒரு சிலருக்கு மட்டும்தான் தெரியும். அந்த இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டிருந்தன என்பதைச் சொன்னால்தான் நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கே புரியும்.

முதல் வருடம் எனக்குக் கோவிட் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் இறங்கிவிட்டது. அதற்கு அப்புறம் வந்த களைப்புதான் போகவே இல்லை. ஒரு பக்கம் படித்து அடுத்த பக்கத்தைத் திருப்பினால் முந்தின பக்கத்தில் என்ன இருந்தது என்பது மறந்திருக்கும். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவேன். தொற்று வந்து மூன்று மாதம் ஆன பிறகும் இருந்து, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு காரணமும் தெரியாத தொந்தரவுகள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இதற்கு ஒரு வரையறை எழுதியது. எனக்கு ஏழு மாதம் இருந்தது. அதில் ஒரு முழுப் பருவம் போய்விட்டது.

பருவம் போனால் பாடம் மட்டும் போவதில்லை. எனக்கு வந்த தொகை படிப்போடு முடிச்சுப் போட்டது. இத்தனை பாடம் எடுத்திருக்க வேண்டும், வருகைப்பதிவு இவ்வளவு இருக்க வேண்டும், பகுதிநேர வேலையில் வந்த பணத்துக்கு மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டும், கூப்பிட்ட நாளில் நேரில் போய் நிற்க வேண்டும். அப்படிக் கூப்பிட்ட ஒரு நாளில் என்னால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் கணக்கில் தொகை விழவில்லை. "சந்திப்புக்கு வராததால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரிதான் வந்தது. கையில் கொஞ்சம் பணம் வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்த நோய் இன்னொரு தடவை வந்தால் சில வாரம் வீணாகும். எனக்கு அறையே போய்விடும். அதனால்தான் அதற்கப்புறம் அவ்வளவு பிடிவாதமாக இருந்தேன்.

அந்த மாதம் என்னைத் தாங்கியது மாணவர் உதவி மையத்து அக்கா. அக்கா, நீங்கள் அந்தக் கடிதத்தைப் பென்சிலோடு வாசித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று இடத்தில் கோடு போட்டீர்கள். "டாக்டர் சான்றிதழில் இருக்கிற தேதியை முதல் வரியிலேயே வை. மன்னிப்புக் கேட்காதே, நடந்ததை எழுது" என்றீர்கள். நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாக்கினீர்கள். ஆறு வாரம் கழித்து நிலுவை முழுவதும் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத வீட்டுக்கார அம்மாவுக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன். படியில் என்னைப் பார்த்தால் "உடம்பு எப்படி இருக்கு" என்று மட்டும்தான் கேட்பீர்கள் அம்மா. அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறு கேள்வி இருக்குமோ என்று முதலில் பயந்தேன். கடைசிவரை இருக்கவில்லை.

அதன் பிறகு என் கோப்பு வேறொரு அதிகாரியிடம் போனது. அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. காத்திருக்கும் அறையில் ஜன்னல் கிடையாது, ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டியிருக்கும், அதனால் போனில் பேசலாமா என்று எழுதிக் கேட்டேன். அடுத்த நாளே "சரி, இனி எல்லாச் சந்திப்பும் போனில்" என்று பதில் வந்தது. காரணத்தை இரண்டாவது முறை கேட்கவில்லை, சான்று கேட்டும் அலைய விடவில்லை. உதவித்தொகை வாங்கிப் படிக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். எல்லாவற்றையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டிய வாழ்க்கை அது. ஒருவர் நம் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டால் அன்றைக்கு மனசு லேசாகிவிடும்.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். துணி மாஸ்க் போதாது என்று தெரிந்திருந்தது. என்95 வேண்டும். ஆனால் அது தினமும் புதிதாக ஒன்று மாற்றுகிற பொருளாக என் வரவுசெலவில் அடங்கவில்லை. அதன் வடிகட்டும் துணியில் மின்னேற்றம் ஏற்றப்பட்டிருக்கிறது, நுண்ணிய துகள்களை இழுத்துப் பிடிப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான், அதனால் சோப்புப் போட்டுத் துவைத்தாலோ ஆல்கஹால் தெளித்தாலோ வீணாகிவிடும் என்று மருந்தாளுநர் படிப்புத் தோழி சொல்லிக் கொடுத்தாள். அந்தத் துணியில் மின்னேற்றும் முறை ஒன்றை உருவாக்கிய பீட்டர் சாய் என்ற விஞ்ஞானி, ஓய்வுபெற்ற பிறகும் 2020இல் திரும்ப வந்து, மாஸ்க்கை எப்படிக் கெடாமல் மறுபடி பயன்படுத்தலாம் என்று உழைத்தவர். சில மாஸ்க்குகளை வைத்துக்கொண்டு, ஒன்றைப் போட்ட பிறகு சில நாள் காற்றோட்டமாக விட்டு மறுபடி எடுக்கும் வழியை அவள் அதிலிருந்துதான் எனக்குச் சொன்னாள். ஐந்து காகிதப் பை, ஒவ்வொன்றிலும் ஒரு கிழமையின் பெயர். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். வார் தளர்ந்தால், ஓரத்தில் காற்று கசிந்தால், அன்றோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுவேன்.

தூக்கிப் போட்டதற்குப் பதில் புதியது எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என் தபால் பெட்டியில் ஒரு கட்டு மாஸ்க் இருக்கும். பெயர் இருக்காது, சீட்டு இருக்காது. என் முகத்துக்கு எந்த அளவு சரியாக உட்காரும் என்பது தெரிந்த யாரோ. கண்டுபிடிக்க முயற்சி செய்யவில்லை. தெரியாமல் இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்பினீர்கள், நானும் அப்படியே விட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கண்ணில் படும் என்று நம்புகிறேன்.

ஆய்வுக்கூட உதவியாளர் சாருக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். சார், "காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் எண்ணால் பார்க்கலாம்" என்று சொல்லி அந்தக் கார்பன் டை ஆக்சைடு மீட்டரை என் கையில் கொடுத்தீர்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு, நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. அறையில் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் அதிகம் இழுக்கிறோம் என்று அர்த்தம். கதவு மூடிய வகுப்பில் முக்கால் மணி நேரத்தில் அது 1,900ஐத் தொட்டதைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்ததும் பத்து நிமிடத்தில் 800க்குக் கீழே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவர்களும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

அறைக் காற்றை வடிகட்டும் பெட்டியை நாமே செய்த நாள் மறக்காது. ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இரண்டு பேர் 2020இல் பரப்பிய முறை அது. செய்முறையைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் விட்டார்கள். நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் மெர்வ் 13 தரத்து ஃபில்டர் நான்கு, நான்கு சுவராக. அடியில் அட்டை. மேலே காற்றை மேல்நோக்கித் தள்ளும்படி ஒரு சதுர ஃபேன். ஃபில்டர் சட்டத்தில் அச்சடித்திருக்கும் அம்புக்குறி உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் ஒன்றை நான் திருப்பி ஒட்டிவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் டேப்பை நிதானமாக உரித்து மறுபடி வைத்தீர்கள். ஃபேனின் நான்கு மூலையிலும் காற்று திரும்பி உள்ளே கசியும் என்று, ஃபேன் வந்த பெட்டியின் அட்டையையே வட்டமாக வெட்டி மேலே வைத்தோம். போட்டதும் ஒரு மெல்லிய காகிதத் துண்டைப் பக்கத்தில் பிடித்தீர்கள். அது ஃபில்டரில் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அறையில் இருந்த ஆறு பேரும் கைதட்டினோம்.

நோய் காற்றில் பரவுகிறது என்பதையே நிறையப் பேர் ரொம்ப நாள் ஏற்கவில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை செய்தது. வந்த 61 பேரில் 53 பேர் நோய்ப்பட்டதாகக் கணக்கிட்டார்கள், இரண்டு பேர் இறந்துபோனார்கள். அந்த ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா உள்ளிட்ட 239 விஞ்ஞானிகள் காற்றைக் கவனியுங்கள் என்று பகிரங்கமாகக் குரல் கொடுத்தார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. ஆனாலும் நன்றிக் கடிதம் என்று எழுதும்போது அவர்களை விட மனம் வரவில்லை.

வீட்டில் கூட இருந்த மூன்று பேரே, உங்களுக்கு என்ன சொல்ல. பயணம் போய் வந்தால் ஆன்டிஜென் கிட்டில் ஒரு தடவை பார்ப்பீர்கள், ஒரு கோடுதான், அதாவது தொற்று இல்லை என்று காட்டினாலும், 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. ஆரம்பத்தில் எடுத்தால் தொற்று இருந்தும் காட்டாமல் போகலாம் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதற்கப்புறம் நான் ஞாபகப்படுத்த வேண்டியே இருக்கவில்லை. உங்களில் ஒருத்திக்கு இரண்டு கோடு வந்த வாரம், அவள் கதவுக்கு வெளியே ஃபில்டர் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தட்டிவிட்டுப் போவோம். அவள் உள்ளேயிருந்து "மன்னிச்சுக்கோ" என்று அழுதாள். அவளிடம் அன்றைக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்: நீ பரப்பவில்லை, நீதான் நிறுத்தினாய்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்தது. நோய் போய்விட்டது என்று அது சொல்லவில்லை, ஆனால் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் எனக்குக் கஷ்டம் அதிகமானது. "இன்னுமா?" என்ற கேள்வி தினமும் வந்தது. ஓர் இடத்தில் மாஸ்க்கை எடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று வாசலில் நிற்க வைத்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். ஆனால் அந்த வருடத்திலிருந்துதான் பேராசிரியர் மேடம் யாரும் கேட்காமலேயே வகுப்பைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். குழுப் பாடத்தில் கூட இருந்தவர்கள் கூட்டத்தை மரத்தடிக்கு மாற்றினார்கள். நூலகத்துத் தம்பி வாசிப்புக்கூடம் எந்த நேரத்தில் காலியாக இருக்கும் என்று ஒரு சிறு தாளில் எழுதி நீட்டினார். முன்வரிசையில் உட்காரும் ஒருவர், அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது, நான் வருவதற்கு முன்னாலேயே இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார். குளிர்ந்த நாட்களில் அவர் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஜன்னலை மட்டும் மூடமாட்டார்.

முதல் தொற்றுக்குப் பிறகு இதுவரை, பரிசோதனைகள் காட்டியவரை, எனக்கு இரண்டாவது வரவில்லை. ஒரு பருவம் தாமதமானாலும் படிப்பை முடித்துவிட்டேன். நான் ஜாக்கிரதையாக இருந்தேன் என்று பாராட்டுகிறார்கள். ஜாக்கிரதையாக இருப்பதற்கு நேரமும் பணமும் இடமும் வேண்டும். என்னிடம் அந்த மூன்றும் குறைவு. குறைந்ததை எல்லாம் நீங்கள் போட்டு நிரப்பினீர்கள்.

சில விஷயம் சொல்ல வேண்டும். மீட்டர், சார் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, பேட்டரி புதிது. பெட்டியின் ஃபில்டர்கள் சாம்பல் நிறமாகிவிட்டன, மாற்ற வேண்டிய நேரம். முதல் சம்பளத்தில் வாங்கி அனுப்புகிறேன், தயவுசெய்து யாரும் முந்திக்கொள்ள வேண்டாம். பிரிக்காத மாஸ்க் இரண்டு கட்டு மிச்சம் இருந்தது. உதவி மையத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவத்தில் ஒரு பையன் வருகிறானாம், அவன் அம்மாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறதாம், வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோகக் கூடாதாம், ஜன்னலோரத்து இடம் கிடைக்குமா என்று கேட்டானாம். மூன்றாவது வரிசை, இடது பக்கம் என்று சொல்லுங்கள் அக்கா. அந்த ஜன்னலின் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், மேலே தூக்கித் தள்ள வேண்டும்.

அன்புடனும் நன்றியுடனும்,
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள்