செயலாளரின் ஆண்டறிக்கை – 2025

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இந்தக் குளிரிலும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்த முன்னோரின் வேர்களைத் தேடும் நம் சங்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை இந்த ஆண்டு குறைந்திருக்கிறது. காரணம் எல்லோரும் அறிந்ததுதான் என்றாலும் ஏட்டில் ஏற வேண்டும் என்பதால் எழுதுகிறேன். 2025 மார்ச் 28 அன்று இத்தாலிய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மே மாதம் நாடாளுமன்றம் அதைத் திருத்தங்களோடு நிலையான சட்டமாக்கியது. அதற்கு முன்பு, கப்பலேறி வந்தவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்குவதற்குள் அவருடைய பிள்ளை பிறந்திருந்தால், எத்தனை தலைமுறை கடந்தும் இத்தாலியக் குடியுரிமை கோரலாம் என்ற நிலை இருந்தது. இப்போது பெற்றோரோ தாத்தா பாட்டியோ இத்தாலியக் குடியுரிமையை மட்டுமே வைத்திருப்பவராக, அல்லது இறக்கும்போது அப்படி இருந்தவராக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. நம்மில் பெரும்பாலோருடைய குடும்பங்கள் முதல் உலகப் போருக்கு முன்பே வந்துவிட்டவை. கணக்குப் போட்டுப் பார்த்த பலர் ஏப்ரல் மாதமே வருவதை நிறுத்திவிட்டார்கள். மார்ச் 27க்குள் மனுவைச் சேர்ப்பித்த சிலர் பழைய விதிப்படி காத்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டம் நியாயமா என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கட்சி உண்டு. மே மாதக் கூட்டத்தில் அந்த விவாதம் வைத்திருந்த காப்பியெல்லாம் ஆறிப்போகும்வரை நடந்தது. இன்று அதை மறுபடி திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் செயலாளர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடியுரிமைக்காகத் தேடுபவர் நேராக மேலே மட்டும் பார்க்கிறார்: தந்தை, தாத்தா, கொள்ளுத்தாத்தா, முடிந்தது. கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஊரிலேயே தங்கினாரா, தங்கைக்கு எங்கே கல்யாணமானது என்பதெல்லாம் மனுவுக்குத் தேவையில்லாத விஷயங்கள். இன்று உயிரோடு இருக்கும் உறவினர்களோ அந்தப் பக்கவாட்டுக் கிளைகளில்தான் இருக்கிறார்கள். இந்த ஆண்டு கூட்டம் குறைந்தது, ஆனால் உறவினரைக் கண்டுபிடித்தவர்கள் கூடினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. 1882 முதல் தென்னித்தாலியின் ஃபோஜா மாகாணத்து மலையூரான ரொசெட்டோ வல்ஃபொர்டோரேயிலிருந்து ஆட்கள் இங்கே பென்சில்வேனியாவின் பேங்கர் பகுதியில் உள்ள சிலேட்டுக் குவாரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். வேல்ஸ்காரர்கள் கோலோச்சிய இடத்தில், குன்றின் மேல் தங்களுக்கென்று ஓர் ஊரை எழுப்பி அதற்குச் சொந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். 1912இல் ரொசெட்டோ தனி நகராட்சியானது. ஆகவே ரொசெட்டோ குடும்பங்களுக்குப் பூர்வீக ஊர் எது என்ற குழப்பமே இல்லை. மற்றவர்கள் நிலை அப்படியல்ல. "தாத்தா நேப்பிள்ஸ்காரர்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேருடைய தாத்தா நேப்பிள்ஸில் கப்பல் ஏறியவர், அவ்வளவுதான். ஊர் கலாப்ரியாவிலோ மொலீசேயிலோ இருக்கும். இத்தாலியில் ஏறத்தாழ 7,900 ஊராட்சிகள் உண்டு. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள் ஊராட்சிவாரியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. ஊர் பெயர் தெரியாமல் கடல் தாண்டித் தேடுவது வீண் வேலை.

எனவே நூலகத்தில் நடந்த மாதாந்திரப் பயிற்சிகளில் முதல் பாதி ஆண்டை இந்தக் கரையிலேயே செலவிட்டோம். ஈஸ்டனில் உள்ள கவுண்டி நீதிமன்றத்து அமெரிக்கக் குடியுரிமை மனுக்களில் 1906 செப்டம்பருக்குப் பிந்தையவற்றையே முதலில் பார்க்கச் சொன்னோம். அந்த ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் பிறந்த ஊர், கப்பல், வந்த நாள் எல்லாம் நாடு முழுக்க ஒரே படிவத்தில் கேட்கப்பட்டன. அதற்கு முந்தைய மனுக்களில் "இத்தாலி மன்னரின் குடிமகன்" என்று மட்டும் இருக்கும், வெறுத்துப் போகும். பெண்களுக்கு 1922 வரை தனி மனு பெரும்பாலும் கிடையாது, கணவனின் காகிதமே மனைவிக்கும். ஓர் உறுப்பினரின் பாட்டி கடைசிவரை குடியுரிமை வாங்காதவர். இதுவே பேத்திக்கு உதவியது. 1940இல் அயல்நாட்டவர் அனைவரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டியிருந்ததே, அந்தப் படிவத்தில் பாட்டியின் பிறந்த ஊர் தெளிவாக இருந்தது. அயல்நாட்டவர் என்று அந்தக் குடும்பம் பட்ட அவமானத்தின் காகிதம்தான் இன்று வழிகாட்டுகிறது.

கப்பல் பயணியர் பட்டியல்தான் எல்லோருக்கும் பிடித்த பாடம். நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை இந்த ஆண்டும் விடாமல் கேட்டேன். அங்கே யாரும் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்கள். ஜியூசெப்பே ஜோசப் ஆனது பிற்பாடு, குவாரிச் சம்பளப் புத்தகத்திலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும். இன்னொன்று: இத்தாலியில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருப்பார்கள். கணவன் பெயரில் பாட்டியைத் தேடி ஓய்ந்துபோன மூவர், பிறந்த வீட்டுப் பெயரில் தேடியதும் ஒரே மாலையில் கண்டுபிடித்தார்கள். 1907 முதல், புறப்பட்ட நாட்டில் உள்ள மிக நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்கப்பட்டன. பிறந்த ஊர் வலப்பக்கத்துத் தாளில் இருக்கும். பலர் இடப்பக்கத்தை மட்டும் பதிவிறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் எழுதப்பட்ட அண்ணனோ மைத்துனனோதான் நாம் தேடும் கிளையின் வேர். தந்தை பெயர் இருந்தால் பெருமிதமும் அண்ணன் பெயர் இருந்தால் சலிப்பும் கொள்ளும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது தலைகீழாக மாற வேண்டும்.

ஊர் தெரிந்த பிறகு வேலை இனிமையானது. தென்னித்தாலியில் நெப்போலியன் காலத்து ஏற்பாடாக 1809 முதலே அரசுப் பதிவேடு உண்டு, சிசிலியில் 1820 முதல். ஒன்றிணைந்த இத்தாலியில் 1866 முதல், வெனேட்டோவில் 1871 முதல். மாநில ஆவணக் காப்பகங்களில் உள்ள பிரதிகளில் பெரும்பகுதியை இத்தாலியப் பண்பாட்டு அமைச்சகத்தின் 'அன்தெனாதி' தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஊராட்சியிடம் சான்றிதழ் கேட்பதானால் யோசித்துக் கேளுங்கள். நூறாண்டு கடந்த பதிவு என்றால் 300 யூரோ வரை வாங்க இந்த ஆண்டு முதல் அவர்களுக்கு அனுமதி உண்டு.

பதிவேட்டில் தடுமாற வைப்பது பெயர் வைக்கும் முறை. முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். நான்கு சகோதரர்கள் இருந்தால் ஒரே பெயரில் நான்கு பேரன்கள் ஒரே தெருவில் இருப்பார்கள். எல்லோருக்கும் தாத்தா நிக்கோலா, எல்லோரும் நிக்கோலா. ஆளைப் பிரித்தறியத் தாயின் பெயரைப் பாருங்கள். பிறப்புப் பதிவின் ஓரத்தில் பின்னாளில் நடந்த திருமணத்தைக் குறித்திருப்பார்கள், அதையும் பாருங்கள். தந்தை பெயருக்கு முன்னால் 'ஃபு' என்றிருந்தால் அவர் அந்தத் தேதிக்கு முன்பே இறந்தவர். திருமணத்தோடு இணைத்த காகிதங்களை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். மணமக்களின் தந்தை இறந்திருந்தால் தாத்தாவின் சம்மதம் வேண்டும். தாத்தாவும் இல்லையென்றால் அவருடைய இறப்புச் சான்றையும் வைத்திருப்பார்கள். ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைக்கும். திருமண சாட்சிகள், பிறப்பை அறிவிக்க வந்த மருத்துவச்சி என்று ஒருவர் விடாமல் குறித்துவைத்த நம் பொருளாளர், தம் கிளையைப் பதினெட்டாம் நூற்றாண்டுவரை கொண்டுபோய்விட்டார். அதற்கு மேல் பங்குக்கோயில் ஏடுகள்தான்.

மரபணுச் சோதனை பற்றி ஓர் எச்சரிக்கை. மலையூர்களில் தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். ஆகவே சோதனை மூன்றுவிட்ட சகோதரி என்று காட்டுபவர் உண்மையில் ஐந்தாறு வழிகளில் தூரத்து உறவாக இருக்கலாம். காகிதத்தில் எள்ளுத்தாத்தாவைக் காணும்வரை யாரையும் சகோதரி என்று அழைத்துக் கடிதம் எழுத வேண்டாம்.

கடிதம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஆண்டு எழுதியவற்றுள் ஊராட்சி அலுவலகங்களுக்குப் போனவை பல பதிலின்றிக் கிடக்கின்றன. பங்குத்தந்தைகளுக்கு எழுதியவை மேல். ஓர் உறுப்பினரின் கடிதம் ஞாயிறு பூசை முடிவில் வாசிக்கப்பட்டு, அந்த வாரமே தொலைபேசி வந்தது. பேசிய மூதாட்டி முதலில் கேட்டது, "நிலத்துக்காகவா வருகிறீர்கள்?" கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிரிக்கப்படாத சொத்தில் கடல் கடந்த வாரிசுகளின் பெயர் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் ஊர்கள் பல. அமெரிக்காவிலிருந்து ஒருவர் பரம்பரை விசாரித்தால் அங்கே வயிற்றைக் கலக்கும். எனவே முதல் கடிதத்தில் நான்கு விஷயங்கள் போதும்: நீங்கள் யார், இருவருக்கும் பொதுவான முன்னோர் யார், ஒரு பழைய புகைப்படம், எதையும் கேட்டு வரவில்லை என்ற ஒரு வரி. இத்தாலிய மொழியில் இருக்க வேண்டும். மொழிபெயர்க்க ஆளில்லாதவர்கள் குழுவை அணுகலாம். அந்த மூதாட்டி சந்தேகம் தீர்ந்ததும் தம் தாத்தாவுக்கு இங்கிருந்து வந்த கடிதங்களைப் பெட்டியோடு எடுத்துவந்து வீடியோ அழைப்பில் படித்துக் காட்டினார். சிலேட்டு விழுந்து உடைந்த கால், அனுப்பிய பணம், வாங்கிய அடுப்பு என்று அமெரிக்கக் குடும்பத்தின் கதை அமெரிக்காவில் இல்லை, அங்கேதான் இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் பீங்கான் புகைப்படம் பதித்த பழைய கற்களைப் படமெடுக்கும் பணி பாதியில் நிற்கிறது. வசந்தத்தில் ஆட்கள் தேவை. கோடையில் ரொசெட்டோ கார்மேல் அன்னை திருவிழாவில் நாம் போட்ட மேசைக்குக் கூட்டம் வந்தது. வந்தவர்களில் சிலர் சேர்ந்துமிருக்கிறார்கள். இந்த ஆண்டு மறைந்த உறுப்பினர்களுக்காகக் கூட்டத் தொடக்கத்தில் எழுந்து நின்றோம். அவர்கள் சேர்த்த காகிதங்களைக் குடும்பத்தார் சங்கத்துக்குத் தந்திருக்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். சந்தாவை உயர்த்த வேண்டாம் என்பது குழுவின் கருத்து. வரும் ஆண்டு ஒவ்வொரு உறுப்பினரும் தம் கொள்ளுத்தாத்தாவின் உடன்பிறந்தோர் பட்டியல் ஒன்றை ஜூன் மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று தீர்மானம் முன்மொழிகிறேன். இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்