6 வோல்ட் லாரி: மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

ஆசிரியருக்கு,

பழைய லாரிகளைப் புதுப்பிப்பது பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, 6 வோல்ட் வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக 12 வோல்டுக்கு மாற்றச் சொல்கிறது. ஒர்க்‌ஷாப்புகளில் பெரும்பாலும் சொல்வதும் இதுதான். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் மாற்றினால், பணம் செலவானபின்னும் பழைய கோளாறு வண்டியிலேயே இருக்கும்.

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 'அட்வான்ஸ் டிசைன்' லாரிகள், அதே காலத்து ஃபோர்டு, டாட்ஜ், ஃபார்கோ எல்லாமே 6 வோல்ட். பம்பாய் சேவ்ரியில் 1954 வரை ஜெனரல் மோட்டார்ஸ் பூட்டி அனுப்பிய செவர்லேக்களும் இதில் அடங்கும். செவர்லே நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் இரும்போடு இணைந்திருக்கும். ஃபோர்டும் டாட்ஜும் பாசிட்டிவ் எர்த். இதைப் பார்க்காமல் பேட்டரியில் கை வைக்கக்கூடாது.

இந்த வண்டிகளின் மேல் வரும் புகார்கள் இரண்டே: செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றுகிறது, ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் 6 வோல்ட் அல்ல, கேபிளும் எர்த்தும்தான். ஒரே வேலைக்கு 6 வோல்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 250 ஆம்பியர் போகிறது என்று வையுங்கள். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் 16 சதுர மி.மீ. கார் கேபிளைப் போட்டால், ஒன்றரை மீட்டரில் 0.4 வோல்ட் கேபிளிலேயே தின்றுபோகும். எர்த் பக்கமும் அதே கேபிள் என்றால் மொத்தம் 0.8. இருப்பதே ஆறு. அதே நீளத்தில் 50 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் இழப்பு 0.13 வோல்ட்தான். பழைய தடித்த கேபிள் அறுந்ததும், பார்வைக்குப் புதிதாக இருக்கிறதே என்று மெல்லிய கேபிளை மாட்டியதுதான் பல வண்டிகளில் நடந்திருப்பது.

சோதனைக்கு ஒரு மல்டிமீட்டரும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, என்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் ஹைடென்ஷன் ஒயரை (நடுவிலுள்ள தடித்த ஸ்பார்க் ஒயர்) கழற்றி எர்த் செய்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 6.3 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃபை மிதிக்கும்போது பேட்டரி போஸ்டில் (மேலே நிற்கும் ஈய முனையில்) 5 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியே குற்றவாளி. இறங்காவிட்டால், மிதித்தபடியே எர்த் அல்லாத போஸ்டிலிருந்து செல்ஃப் ஸ்டட் (கேபிள் மாட்டும் போல்ட்) வரை அளந்து பாருங்கள். பிறகு எர்த் போஸ்டிலிருந்து செல்ஃப் பாடி வரை. இரண்டும் 0.2 வோல்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டரின் முனையைக் கிளாம்பில் வைக்காதீர்கள், ஈய போஸ்டின் மேலேயே வையுங்கள். போஸ்டுக்கும் கிளாம்புக்கும் நடுவில் இருக்கும் உப்பும் அப்போதுதான் பிடிபடும்.

எர்த் பக்கம் அளவு கூடினால், புதிதாகப் பெயின்ட் அடித்த சேசிஸைச் சந்தேகியுங்கள். பளபளப்பாகப் புதுப்பித்த லாரிகள் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு இதுவே முதல் காரணம். போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கை (கேபிள் நுனி வளையத்தை) முறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். என்ஜினுக்கும் சேசிஸுக்கும் ஒரு பட்டை, சேசிஸுக்கும் கேபினுக்கும் ஒரு பட்டை தனியாக வேண்டும். கேபிளுக்கு 70 சதுர மி.மீ. வெல்டிங் கேபிள் அருமையாக வேலை செய்யும். ஆனால் அதில் அலுமினியமும் விற்கிறது. நுனியைச் சுரண்டிப் பார்த்துச் செம்பையே வாங்குங்கள்.

ஹெட்லைட்டுக்கும் இதே கணக்கு. 6 வோல்ட் பல்புக்கு 5 வோல்ட் கிடைத்தால் ஏறக்குறைய பாதி வெளிச்சம் போய்விடும். பல்ப் டெர்மினலில் அளந்து, பேட்டரியை விட 0.3 வோல்டுக்கு மேல் குறைந்தால், 20 ஆம்ப் ஃப்யூஸ், 4 சதுர மி.மீ. ஒயர், ஒரு ரிலே வைத்துப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள். எர்த் ஒயரும் அதே தடிமனில் இருக்கட்டும். ரிலேயின் காயில் 6 வோல்டாக இருக்க வேண்டும். 12 வோல்ட் ரிலே சில நாள் இழுக்கும், சில நாள் இழுக்காது.

துணி சுற்றிய பழைய ரப்பர் ஒயரை வளைத்தால் ரப்பர் வெடிப்பு விடுகிறதென்றால் அதை மாற்றியே தீர வேண்டும். அதற்கும் வோல்டேஜுக்கும் சம்பந்தமில்லை. 12 வோல்டில் கரண்ட் பாதியாவதால் நல்ல நிலையில் உள்ள பழைய ஒயர் அதற்கும் தாராளமாகப் போதும். ஒயர் மாற்றுவது, வோல்டேஜ் மாற்றுவது ஆகிய இரண்டையும் கட்டுரை ஒன்றாகக் குழப்பிவிட்டது.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் 12 வோல்ட் வேண்டுமா? அடிக்கடி இரவில் ஓட்டுவதானால், அல்லது நல்ல 6 வோல்ட் ஸ்டார்ட்டிங் பேட்டரி உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால், வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 6 வோல்ட் பேட்டரிகள் பலவும் நீண்ட நேரம் மெல்ல இறங்குவதற்காகச் செய்தவை. செல்ஃபின் திடீர் இழுவைக்கு ஏற்றவை அல்ல. மாதத்துக்கு ஒருமுறை பகலில் ஓட்டுகிற வண்டிக்கு 6 வோல்டே போதும் என்பேன். 6 வோல்ட் பேட்டரிக்குப் பதில் 8 வோல்ட் பேட்டரி போடலாம் என்று கட்டுரை சொல்லும் வழி மட்டும் வேண்டவே வேண்டாம். அதைச் சார்ஜ் செய்ய ரெகுலேட்டரை 9 வோல்டுக்கு மேல் ஏற்ற வேண்டும். பல்பும் பாயிண்டும் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) அடுத்தடுத்துப் போகும்.

மாற்றுவதென்றால் அரைகுறையாக மாற்றாதீர்கள். 6 வோல்ட் பல்பும் 12 வோல்ட் பல்பும் ஒரே ஹோல்டரில் உட்காரும். மறந்துபோன ஒரு பிரேக் லைட் முதல் மிதியிலேயே சாகும். 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டால் சூடேறிப் பாயிண்ட் கருகும், சுமார் 1.5 ஓம் பாலஸ்ட் ரெசிஸ்டர் போடுங்கள், அல்லது 3 ஓம் காயிலாக மாற்றுங்கள். பெட்ரோல் மீட்டருக்கு, நெகட்டிவ் எர்த் வண்டியில், 7806 ஐ.சி. (வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் சிறு சில்லு) ஒன்றை ஹீட் சிங்க்குடன் வைத்தால் 6 வோல்ட் கிடைக்கும். செவர்லேயின் ஆயில் மீட்டரும் வெப்ப மீட்டரும் மின்சாரம் இல்லாமல் ஓடுபவை, தொட வேண்டாம். 6 வோல்ட் செல்ஃப் 12 வோல்டில் தாங்கும். ஆனால் என்ஜின் ஓடி, ஃபிளைவீல் (செல்ஃப் பல் பிடிக்கும் பெரிய சக்கரம்) சுற்றும்போது மிதித்தாலோ நீண்ட நேரம் சுற்றினாலோ ரிங் பல் உடையும்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டால் மூன்று இடங்களில் வண்டி மாட்டிக்கொள்ளும். பழைய என்ஜினின் பெல்ட் அகலமானது. இன்றைய ஆல்டர்னேட்டர் புல்லி குறுகலானது. லேத்தில் புல்லி கடைந்து, நேர்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, சார்ஜ் லைட் ஒயரை இக்னிஷனோடு நேராக இணைத்தால் சாவியை அணைத்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு டயோடு வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது ஆம்ப் மீட்டர். முப்பது ஆம்பியருக்கான மீட்டர் வழியாக 50 ஆம்பியரை அனுப்பினால் டாஷ்போர்டின் பின்னால் ஒயர் எரியும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. ஒயரை ஃப்யூஸோடு தனியே இழுத்துவிடுங்கள். பழைய தோற்றம் கெடக்கூடாது என்பவர்களுக்கு அம்பாசடரின் பழைய லூகாஸ் 12 வோல்ட் டைனமோ நல்ல வழி. சுமார் 22 ஆம்பியர் தரும், பார்க்க அந்தக் காலத்துப் பொருளாகவே இருக்கும். ஐடிலில் சார்ஜ் ஆகாது, அவ்வளவுதான்.

6 வோல்டிலேயே இருப்பவர்கள், டைனமோவையோ ரெகுலேட்டரையோ கழற்றி மாட்டினால் போலரைஸ் செய்ய, அதாவது டைனமோவின் காந்தத்தைச் சரியான பக்கம் திருப்ப, மறக்காதீர்கள். செவர்லேயின் டெல்கோ ரெகுலேட்டரில், என்ஜினை ஓட்டுவதற்கு முன், BAT, GEN டெர்மினல்களை ஒரு துண்டு ஒயரால் ஒரு நொடி தொட்டால் போதும். செய்யாவிட்டால் ரெகுலேட்டரில் உள்ள கட்-அவுட் பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். ஃபோர்டு டைனமோவுக்கு முறை வேறு. இதை அங்கே செய்யாதீர்கள்.

2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளின் சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. ஒயரிங் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் லாரிக்கு அந்த விதி பொருந்துமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தாலும் கண்காட்சி நடுவர்கள் மதிப்பெண் குறைக்கலாம். ஆகவே துளை போடாமல் போல்ட் பிராக்கெட்டில் மாட்டுங்கள், கழற்றிய டைனமோ, ரெகுலேட்டர், காயிலுக்குச் சீட்டுக் கட்டி ஒரு பெட்டியில் வையுங்கள். பேட்டரிப் பெட்டியின் மூடியில் வோல்ட் எத்தனை, எர்த் எந்தப் பக்கம் என்று பெயின்டால் எழுதிவிடுங்கள். பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவாக மாற்றியிருந்தால் இது கட்டாயம். அடுத்து பேட்டரி போடுகிறவர் பழைய வழக்கப்படி திருப்பி மாட்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு அந்தக் கணமே போய்விடும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர்,
கோயம்புத்தூர்