முற்பணத்துக்கு முன் பார்க்க வேண்டியவை: வன்னிக் காணிகளும் மாறிவரும் சட்டங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் காணி வாங்க வருபவர் முதலில் கேட்பது “உறுதி இருக்கா?” என்பதைத்தான். இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டியதும் அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது. நொத்தாரிசிடம் வருவது அதற்குப் பிறகு. அப்போது காணியில் குறை தெரிந்தாலும், கொடுத்த காசு திரும்பாது என்ற பயத்தில் “எப்படியாவது எழுதித் தாங்கோ” என்ற நெருக்குதல் வருகிறது. காணிப் பிணக்குகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. ஆகவே, தேடிப் பார்க்கும் வேலை முழுவதும் முற்பணத்துக்கு முன்னரே முடிந்துவிட வேண்டும். எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவே இக்கடிதம்.

கையில் உள்ள தாள் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்பதே முதற்கேள்வி. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு, பாவற்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் மக்கள் வைத்திருப்பது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட பெர்மிற் (அரச காணியில் இருந்து பயன்பெற அனுமதிக்கும் பத்திரம்) அல்லது அளிப்புப் பத்திரம் (நிபந்தனைகளோடு காணியை வழங்கும் பத்திரம்). அளிப்பில் ஜனாதிபதியின் கையொப்பம் இருப்பதால் பலர் அதைத் தனியார் உறுதிக்குச் சமமாக எண்ணிக்கொள்கிறார்கள். அது சமமல்ல. அதே சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, எழுத்துமூல முன் அனுமதி இல்லாமல் அளிப்புக் காணியை யாருக்கும் கைமாற்ற முடியாது. நடைமுறையில் அந்த அனுமதியைப் பெறுவது பிரதேச செயலகத்தில். அனுமதியில்லாமல் எழுதிய உறுதி செல்லாது. எழுதி முடித்துவிட்டுப் பிறகு போய் அனுமதி வாங்கினாலும் அந்த உறுதிக்கு உயிர் வராது. பெர்மிற் காணியோ விற்பனைக்குரியதே அல்ல.

இந்தத் தடையைத் தாண்ட ஒரு குறுக்குவழி பரவலாகப் பயன்படுகிறது. விற்பவரிடம் ஓர் உடன்படிக்கை, ஓர் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம்), ஒரு மரணசாசனம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் எழுதி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார்கள். விற்றவர் உயிரோடிருக்கும்வரை எல்லாம் சரியாக நடப்பதுபோலத் தெரியும். அவர் கண்ணை மூடியதும் அற்றோணி முடிந்துவிடும். இந்தச் சட்டத்துக்குட்பட்ட காணி மரணசாசனத்தால் இறங்காது. பின்னுரித்தாளியாக, அதாவது உரிமையாளருக்குப் பின் காணியைப் பெறுபவராக, பதியப்பட்டவர் யாரோ அவருக்கே போகும். உடன்படிக்கையைக் காட்டிக் காணியைக் கேட்கவும் முடியாது. வாங்கியவர் அதற்குள் கிணறு வெட்டி, வீடு கட்டி, தென்னையும் வைத்திருப்பார். கடைசியில் அவரிடம் மிஞ்சுவது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கும் வழக்கு மட்டுமே. இந்த மூன்று பத்திரக் கட்டை எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். தொழில் செய்பவர்கள் என்ற வகையில் இதை நாமே நிறுத்த வேண்டும்.

அளிப்புப் பத்திரத்தின் அட்டவணையையும் வாசிக்க வேண்டும். காணியை எவ்வளவுக்குக் குறையாமல் பிரிக்கலாம் என்ற அளவு அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த அளவுக்குக் கீழே பிரித்து, முன்பக்கத்தில் 2 பரப்பு, பின்பக்கத்தில் 2 பரப்பு என்று விற்க முடியாது. நில அளவையாளர் அழகாகப் பிரித்துப் படம் வரைந்து கொடுத்தாலும் அது உரித்தாகாது. மகளுக்குச் சீதனமாக இத்தகைய காணியில் ஒரு துண்டை எழுதிக் கொடுத்த உறுதிகள் வன்னியில் நிறையவே உண்டு. வடபகுதித் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் கொடுக்கலாம் என்பது தனியார் காணிக்குத்தான் பொருந்தும்.

விற்க வருபவர் விதவையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கணவர் பெயரில் இருந்த அளிப்புக் காணி, அவர் பின்னுரித்தாளியாக மனைவியை நியமிக்காமல் இறந்திருந்தாலும் மனைவியின் அனுபவத்துக்கு வரும். ஆனால் அது ஆயுட்கால அனுபவம் மட்டுமே. விற்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. பின்னுரித்தாளி நியமனம், நியமித்தவர் இறப்பதற்கு முன் பதியப்பட்டிருக்க வேண்டும். கையெழுத்திட்டு அலமாரியில் வைத்த நியமனப் பத்திரம் பயன்படாது. உரித்துப் பெறுபவர் ஆறு மாதத்துக்குள் ஆட்சிக்கு வரவேண்டும் என்ற விதியும் உண்டு. இடப்பெயர்வில் சிதறிப்போன குடும்பங்களுக்கு இது பெரும் சிக்கல். நியமனமே இல்லாதவிடத்து மகன்மாரை முன்னே வைத்த பழைய பின்னுரித்துப் பட்டியலை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் மாற்றிவிட்டது. ஆகவே மரணச் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது இறந்த திகதி. 2022க்கு முந்திய மரணமா, பிந்திய மரணமா என்று தெரியாமல் உரித்தாளி யார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

2024இல் அரசின் ‘உறுமய’ காணி உரிமைத் திட்டத்தின் கீழ் கிடைத்த பத்திரங்களைப் பற்றியும் கேள்விகள் வருகின்றன. பத்திரத்தின் முகப்பில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறது, பின்னால் என்ன நிபந்தனைகள் உள்ளன என்று முழுவதையும் வாசித்த பிறகே அதை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். மேடையில் சொல்லப்பட்டதை நம்பிச் செய்யக் கூடாது.

தனியார் உறுதிக் காணி என்றால் தேடல் காணிப் பதிவகத்தில் நடக்கிறது. தோம்பை, அதாவது காணிப் பதிவேட்டை, ஆகக் குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பொதுவாக வங்கிகள் கடனுக்குக் கேட்பதும் அதையே. உறுதி எழுதுமுன் பதிவேட்டைத் தேடுவது நொத்தாரிசின் கடமை. தேடல் வேண்டாம் என்று தரப்பினர் எழுத்தில் சொன்னால் மட்டும் விடலாம். அவசரத்தில் அந்த வரியின் கீழ் கையெழுத்து வைப்பவர்கள், தங்கள் பாதுகாப்பைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். எங்கள் தரப்பிலும் இதை வழக்கமாக்கிவிடக் கூடாது. போருக்குப் பிந்திய வன்னியில், பதிவேடுகளும் செயலகக் கோவைகளும் பல இடங்களில் அழிந்துபோன நிலையில், தேடாமல் எழுதும் உறுதியைப் பொறுப்புள்ள வேலை என்று சொல்ல முடியாது.

உறுதி எழுதி முடித்தால் காணி பதியப்பட்டுவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்புவது இரண்டாம் பிரதியை. மூல உறுதியைக் கட்டணத்தோடு சமர்ப்பித்து, பதிவேட்டில் ஏற்றி, முத்திரையோடு திரும்ப வாங்குவது வேறு வேலை. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கப் பத்திரங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு முற்பதிவுக்கு முதன்மை தருகிறது. நீங்கள் ஜனவரியில் வாங்கி உறுதியைப் பெட்டியில் வைத்திருக்க, அதே ஆள் மார்ச்சில் இன்னொருவருக்கு விற்று, அவர் மோசடியில்லாமல் விலை கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், பிந்திய உறுதியே வெல்லும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் காணிக்கு அதே சட்டத்தின் 32ஆம் பிரிவின் கீழ் கேவியற் (முன்னெச்சரிக்கைப் பதிவு) போட்டு வைக்கலாம். அந்தக் காணி தொடர்பாகப் பத்திரம் ஒன்று பதிவுக்கு வந்தால் அவர்களுக்கு அறிவித்தல் வரும். கள்ள அற்றோணிகளைப் பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை பொருந்துவதால், விற்பவரின் திருமண நிலையும் உரித்தின் ஒரு பகுதி. மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இது நியாயமற்றது என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை அதன்படிதான் உறுதி எழுத வேண்டும். திருமணத்துக்குப் பின் வாங்கிய தேடியதேட்டம் என்றால், யார் பெயரில் இருந்தாலும் இருவரையும் கையெழுத்திட வைப்பதே பாதுகாப்பு. காணி கூட்டுரித்தாக, அதாவது பலருக்குப் பங்குள்ளதாக, இருந்தால், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி பங்காளிகளுக்கு முன்கொள்வனவு உரிமை உண்டு. சட்டம் சொல்லும் முன்னறிவித்தலைக் கொடுத்து, பங்காளிகள் வாங்க விரும்பவில்லை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே வெளியாருக்கு விற்க வேண்டும். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் வன்னியில் வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பது, அவர்கள் இங்கே நிரந்தரமாக வேரூன்றினார்களா என்ற உண்மையைப் பொறுத்தது. ஆளைப் பார்த்து ஊகிக்காமல், அந்த உண்மைகளைச் சத்தியக் கடதாசியில் பெற்றுக் கோவையில் வைக்க வேண்டும்.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள் இந்த மண்ணில் எத்தனையோ பேர். சம்மதம் தர ஆள் இல்லை என்பதற்காக அவர்களின் சீதனக் காணி முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. கணவர் இருக்குமிடம் தெரியாதபோது அவரின் சம்மதமின்றி விற்பதற்கு மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்திலேயே அதற்கு வழி உண்டு. கணவர் பெயரில் உள்ள காணி வேறு விடயம். 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மரணப் பதிவு பெறலாம். 2016 திருத்தத்தின் பின் காணாமற்போனமைக்கான சான்றிதழும் பெறலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் மரணச் சான்றிதழ் ஆகாது. அதை மட்டும் வைத்து, மனைவியை உரித்தாளியாகக் காட்டி உறுதி எழுதக் கூடாது. எந்தச் சான்றிதழைப் பெறுவது என்பது அந்தப் பெண்ணின் மனச்சாட்சிக்குரிய முடிவு. காணி விற்க வசதி என்று சொல்லி எந்தச் சட்டத்தரணியும் அவரை மரணப் பதிவுக்குத் தள்ளக் கூடாது.

‘ஆட்சி உறுதி’ (நீண்டகாலம் காணியை ஆண்டதாகத் தானே எழுதிக்கொள்ளும் உறுதி) காட்டி விற்கப்படும் காணிகள் தனி ஆபத்து. உரிமையாளருக்கு எதிராக 10 ஆண்டு காணியை ஆண்டது என்பது நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டிய உரித்து. தானே தனக்கு எழுதிக்கொண்ட பிரகடனம் அதற்கு ஈடாகாது. அரச காணிக்கு எதிராக 10 ஆண்டு ஆட்சி பயன்படவும் மாட்டாது. மேலும், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பற்றியது. ஊருக்கு வரமுடியாமல் இருந்த உரிமையாளரைப் பாதுகாக்கவே அது கொண்டுவரப்பட்டது. அந்தக் காலத்தை எண்ணித்தான் ஆட்சி பூர்த்தியாகிறது என்றால் காணியைத் தொடாதீர்கள்.

கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை எடுத்தவர்கள் இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இங்கே காணி வாங்க முடியாது. பழைய அடையாள அட்டை கையில் இருப்பதால் இலங்கைக் குடியுரிமை இருப்பதாக ஆகாது. அட்டையோடு கடவுச்சீட்டையும் பார்ப்பது நொத்தாரிசின் வேலை. பெற்றோர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம், உரித்தாகவும் இறங்கலாம். ஆனால் காசை அனுப்பி மருமகன் பெயரில் வாங்கினால், சட்டத்தின் கண்ணில் மருமகனே சொந்தக்காரர். முதலில் இரட்டைக் குடியுரிமை, பிறகு உறுதி என்பதே ஒழுங்கு.

செலவை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விற்பனை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 50 இலட்சம் ரூபாக் காணிக்கு 3,000 ரூபாவும் 196,000 ரூபாவும் சேர்ந்து 199,000 ரூபா. தீர்வையை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதினால் மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியில் மீதியை அறவிடும். உரித்தில் பிணக்கு வந்து காசைத் திருப்பிக் கேட்க நேர்ந்தால் உறுதியில் உள்ள குறைந்த தொகையே உங்களுக்கு எதிரான சாட்சி. விற்பவருக்கு மூலதன இலாப வரி உண்டு. தனியாட்களுக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரலில் இருந்து 15 வீதம். 2017 செப்டெம்பர் 30க்கு முன்பே வைத்திருந்த காணிக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்கவிலை. ஆகவே அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கையை விற்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும்.

வயற்காணி என்றால் கமநல சேவை நிலையத்தில் குத்தகைச் செய்கையாளர் யாரும் பதியப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டோரக் காணி என்றால் படத்தைக் கொண்டுபோய் வன இலாகாவிலும் பிரதேச செயலகத்திலும் எல்லையை ஒப்பிடுங்கள். கற்கள் நடப்பட்ட பிறகு ஓடுவது பயன் தராது.

சட்டம் மாறும்போது வன்னி மக்களுக்குச் செய்தி கிடைக்கும் விதம் மோசமாக இருக்கிறது. 2025 மார்ச் 28ஆம் திகதி வெளியான 2430ஆம் இலக்க வர்த்தமானி இதற்குச் சான்று. வடக்கின் நான்கு மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்றது அது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னாரும் அந்த நான்கில் அடக்கம். உறுதி தொலைந்தவருக்கும் வெளிநாட்டில் இருப்பவருக்கும் மூன்று மாதம் எந்த மூலைக்குக் காணும்? உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் மீளப்பெற்றது. அடுத்த அறிவித்தல் வரும்போது அவகாசத்தில் பாதி கழிந்த பின்னர்தான் மக்கள் அறிய வேண்டுமா?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வர்த்தமானியில் வரும் வடக்குக் காணி அறிவித்தல்களை, கிராம அலுவலர் பிரிவின் பெயர், படத்தின் இலக்கம், கடைசித் திகதி ஆகிய மூன்றும் விடுபடாமல், வாரம் ஒருமுறை ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். பிரதேச செயலகங்கள் அதே பக்கத்தை அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். காணிச் சட்டத் திருத்தங்கள் வரும் நாளிலேயே, 2022இல் நொத்தாரிசுச் சட்டம் திருத்தப்பட்டதைப் போன்றவற்றை, வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி சட்டத்தரணிகள் சங்கங்கள் ஒரு தாள் சுற்றறிக்கையாகத் தமிழில் எழுதி உறுப்பினருக்கும் உங்கள் பத்திரிகைக்கும் அனுப்பலாம். அதை எழுதும் வேலையில் பங்கெடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
காணி உறுதிப் பணியில் உள்ள சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசும்,
வவுனியா