அம்மாவின் துணி வீணாகாமல் காத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். போன வாரம் அந்தக் குயில்ட் (துணித் துண்டுகளை ஒட்டித் தைத்து உள்ளே பஞ்சு வைத்த போர்வை) அப்பா கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. 44 அங்குல அகலம், 56 அங்குல நீளம். நடுவில் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள், அதாவது பிளாக், 48. சுற்றிலும் 84 முக்கோணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கும் பார்டர். வேலைநாளில் ராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதல் என்று ஆறே வாரத்தில் முடிந்தது. பார்க்கிறவர்கள் நான் தைத்தது என்கிறார்கள். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நேரில் சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், உங்களில் பலருக்கு மற்றவர் என்ன செய்தார் என்பதே தெரியாது.

விஷயம் இதுதான். அம்மா போன பிறகு அவர் உடுத்திய பருத்தித் துணிகள் ஒரு பெட்டியில் இருந்தன. அப்பா அண்ணன் வீட்டுக்குக் குடிபோவது என்று முடிவானதும், அந்தப் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுப்பதைவிடப் போர்த்திக்கொள்ளும் ஒன்றாகச் செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. அம்மாவின் துணியும் அப்பாவின் பழைய சட்டைகளும் கலந்து ஒரு குயில்ட். நினைக்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் வாரம் நான் செய்தது பெரிய தவறு. புத்தியில்லாமல் நேராக முக்கோணங்களாக வெட்ட ஆரம்பித்தேன். பல வருஷம் துவைத்து நைந்து மெலிந்த துணி அது. கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்குச் சாய்வாக, வெட்டிய ஓரம் கையில் எடுத்தாலே நீளும், தைத்தால் அலை அலையாக நெளியும், இஸ்திரி போட்டால் இன்னும் இழுத்துக்கொள்ளும். பன்னிரண்டு முக்கோணம் போயிற்று. வேறு துணியென்றால் இன்னொரு கஜம் வாங்கலாம். இதை எங்கே போய் வாங்குவது? அன்று ராத்திரி மெஷினை மூடி வைத்தவள், மறுபடி திறந்திருப்பேனா என்பது சந்தேகம்.

பக்கத்து வீட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் அந்த நெளிந்த முக்கோணங்களைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "ஏன் வெட்டுறே? மடி" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். அப்புறம் மேஜையில் உட்கார்ந்து, காகிதத்திலேயே மடித்துக் காட்டினீர்கள். அந்த ஒரு சாயங்காலத்தை நான் மறக்கவே மாட்டேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வேறு யாராவது பழைய துணியோடு திண்டாடிக்கொண்டிருந்தால் அவருக்கும் உதவட்டும்.

பார்டரில் பறக்கும் வாத்துகள் போல வரிசையாக வரும் ஃப்ளையிங் கீஸ் முக்கோணத்துக்கு அக்கா எடுக்கச் சொன்னது 2½க்கு 4½ அங்குலத்தில் ஒரு செவ்வகம், 2½ அங்குலத்தில் இரண்டு பின்னணிச் சதுரம். செவ்வகத்தை நல்ல பக்கம் வெளியே தெரியும்படி பாதியாக மடித்தால் 2½க்கு 2¼ ஆகிவிடும். ஒரு சதுரத்தை நல்ல பக்கம் மேலே பார்க்க வைத்து, மடித்ததை அதன்மேல் வைக்க வேண்டும். வெட்டிய முனைகள் கீழ் ஓரத்தோடு சேர்ந்திருக்கும். மடிப்பு மேலே, சதுரத்தின் உச்சிக்குக் கால் அங்குலம் கீழே நிற்கும். அந்தக் கால் அங்குலம் இல்லாவிட்டால் அடுத்த துண்டோடு தைக்கும்போது முக்கோணத்தின் மூக்கு தையலுக்குள் போய்விடும். இன்னொரு சதுரத்தை நல்ல பக்கம் கீழே பார்க்க மேலே மூடி, பக்கவாட்டில் ஒரே ஒரு தையல். அதன்பின் இரண்டு சதுரங்களையும் புத்தகம் போல விரித்து, மடிப்பின் தளர்ந்த முனையைப் பிடித்துக் கீழே இழுத்தால், பை வாய் திறப்பதுபோல் திறந்து முக்கோணமாகப் படுத்துக்கொள்கிறது. 2க்கு 4 அங்குல முக்கோணம், தையலுக்கான ஓரத்தோடு 2½க்கு 4½. ஒரு தையலில்!

அக்கா விரித்துக் காட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "சாய்வு ஓரம் எங்கே வெட்டினீங்க?" என்பது. வெட்டவே இல்லை. கிராஸ் அந்த மடிப்பில்தான் இருக்கிறது, வெட்டு வாயில் இல்லை. பிரிவதற்கு அங்கே நூல் முனையே கிடையாது. அதோடு, சதுரத்தை மூலையில் வைத்து மூலைவிட்டமாகத் தைத்து மிச்சத்தை வெட்டியெறியும் முறைக்கும் இதே அளவுத் துணிதான் பிடிக்கும். இங்கே ஒரு துண்டுகூடக் கீழே விழுவதில்லை. முக்கோணத்தில் அம்மாவின் துணி இரண்டு மடிப்பு, அடியில் பின்னணித் துணி ஒன்று. மெலிந்த துணிக்கு அதுவே ஒரு தாங்கல் ஆகிவிட்டது. புதுசாக விறைப்பான தடித்த துணியென்றால் இந்த முறை கனத்துப் போகும், எனக்குக்கூடப் பிடிக்காது. ஆனால் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திக்கு இதைவிடப் பொருத்தமான முறை ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நடுவில் இருக்கும் போ டை பிளாக்கும் (கழுத்தில் கட்டும் பட்டாம்பூச்சி முடிச்சு போலத் தெரியும்) அக்கா சொல்லித் தந்ததுதான். 3½ அங்குலத்தில் ஐந்து சதுரம்: அப்பா சட்டையில் இரண்டு, பின்னணியில் இரண்டு, நடு முடிச்சுக்கு அம்மா துணியில் ஒன்று. முடிச்சுச் சதுரத்தைப் பாதியாக மடித்து, அதன் ஒரு முனையை ஒரு சட்டைத் துண்டுக்கும் ஒரு பின்னணித் துண்டுக்கும் நடுவில் வைத்து ஒரு தையல். மறுமுனையை அடுத்த ஜோடிக்கு நடுவில் வைத்து இன்னொரு தையல். ஒரே நிறம் எதிரெதிர் மூலையில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு முடிச்சைத் திறந்து, இரண்டு தையலும் நேருக்கு நேர் சந்திக்கும்படி குண்டூசி குத்தி, நீளவாக்கில் மூன்றாவது தையல். 6½ அங்குல பிளாக் தயார், நடுவில் அம்மாவின் துணி சாய்சதுரமாக எழும்பி நிற்கும். முதல் பிளாக் இப்படித் திறந்தபோது அக்கா என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கும் சேர்த்து நன்றி, அக்கா.

அடுத்தது, என்னோடு வேலை பார்க்கும் தோழிக்கு. குயில்ட் பக்கமே வராதவள், கணக்கு மட்டும் தெரிந்தவள். தைத்த கோட்டுக்கு வெளியே விடும் தையல் ஓரம் எனக்கு அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கூடுதலாகப் போகிறது என்று கண்டுபிடித்தவள் இவள்தான். அரை நூல்தானே என்றேன். "ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அரை நூல் போனால் ஒரு நூல். ஒரு வரிசையில் 12 சதுரம், 11 தையல். 11 நூல் என்றால் 1 அங்குலம் 3 நூல். பார்டர் எப்படிப் பொருந்தும்?" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். 1½ அங்குலப் பட்டைகள் மூன்றை ஒட்டித் தைத்து, நடுப்பட்டை சரியாக 1 அங்குலம் தெரிகிறதா என்று அளந்து, தெரியும் வரை ஊசியின் இடத்தைச் சிறிது சிறிதாக மாற்றினோம். நான்காவது முயற்சியில் அமைந்தது. அதற்குப் பிறகு 240 சதுரம் தைத்ததில் ஒன்றைக்கூட இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கவில்லை. வேகமான முறை என்கிறோமே, அந்த வேகம் வந்தது இங்கிருந்துதான். தையல் பிரிக்கும் ஊசியை எடுக்காமல் போன ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு மிச்சமான நேரம்.

நான்கு மூலையிலும் வரும் காற்றாடி வடிவப் பிளாக்குக்கும் அவளுடைய கணக்குதான். அதற்கு 2 அங்குல முக்கோண ஜோடிகள், அதாவது இரண்டு முக்கோணம் சேர்ந்த சதுரங்கள், பதினாறு வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்யாமல், இரண்டு பெரிய சதுரத்தை நல்ல பக்கங்கள் ஒட்டும்படி வைத்து, இரண்டு மூலைவிட்டமும் வரைந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் இரு பக்கமும் கால் அங்குலத்தில் தைத்து, அப்புறம் நெடுக்கே, குறுக்கே, மூலைவிட்டம் இரண்டிலும் வெட்டினால் எட்டு ஜோடி விழும். பெரிய சதுரத்தின் அளவு: தைத்து முடிந்தபின் வர வேண்டிய அளவோடு 7 நூல் சேர்த்து இரண்டால் பெருக்க வேண்டும். எங்களுக்கு 5¾ வந்தது. நான் 6 வெட்டிக்கொண்டு கடைசியில் 2½க்குச் சீவிக்கொண்டேன். அந்தக் கால் அங்குலம் நிம்மதிக்காக. வெட்டும் முன்பே தைத்துவிடுவதால் இங்கேயும் கிராஸ் ஓரம் நம் கையில் படுவதில்லை. இதற்குப் புதுத் துணிதான் எடுத்தேன். அம்மாவின் துணியைச் சீவ மனசு வரவில்லை.

ரோட்டரி கட்டரும் வெட்டும்போது அடியில் போடும் விரிப்பும் நீள ஸ்கேலும் ஆறு வாரம் கடனாகக் கொடுத்த சித்திக்கு நன்றி. புது பிளேடு போட்டுக் கொடுத்தீர்கள், சித்தி. அதைச் சொல்லக்கூட இல்லை, முதல் வெட்டிலேயே தெரிந்தது. 1979ல் ஓல்ஃபா நிறுவனம் இந்த உருளும் கத்தியைக் கொண்டுவரும் முன்பு எல்லோரும் அச்சு வைத்துக் கோடு வரைந்து கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகத்தான் வெட்டினார்கள் என்று நீங்கள் சொன்னது 240 சதுரம் வெட்டும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் நான்கு மடிப்பாக வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். அம்மாவின் துணிக்குக் கஞ்சி போட்டு நிழலில் காய வைத்து, பிறகு வெட்டு என்றதும் நீங்கள்தான். அந்த விறைப்பு இல்லாமல் ஸ்கேலுக்கு அடியில் அது நின்றிருக்காது.

அக்கா மகளே, உனக்கு. நீ பள்ளிக்கூடப் பாடத்தை முடித்துவிட்டு வந்து, துண்டுகளை ஜோடி ஜோடியாக அடுக்கி என் இடதுகைப் பக்கம் வைத்தாய். நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஊசிக்கு அடியில் தள்ளிக்கொண்டே போனோம். மெஷினுக்குப் பின்னால் தோரணம் போல இறங்கிய அந்தச் சரத்தை நீதான் வெட்டிப் பிரித்தாய், 84 முக்கோணத்தையும் திறந்து விரித்தவளும் நீதான். ஒவ்வொன்றையும் திறக்கும்போது "இது பாட்டி எந்த விசேஷத்துக்குக் கட்டினது?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைப் போனில் பெரியம்மாவிடம் கேட்டோம். பெரியம்மா, அந்த நேரங்கெட்ட நேரத்துப் போன்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள், நன்றி.

இஸ்திரி போட்டது என் அண்ணன். இழுக்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும் என்று ஒரு முறைதான் சொன்னேன். 48 பிளாக்கையும் அப்படியே செய்தான். முடிச்சு உள்ள நீளத் தையலில் துணி நிறையச் சேர்ந்து மேடு தட்டும். அதை இரண்டு பக்கமும் பிரித்து அழுத்தினால் படிகிறது என்று அவனே கண்டுபிடித்தான். அதன்பின் எல்லாப் பிளாக்கும் தட்டையாக வந்தன. மெஷின் நடுவில் அடம்பிடித்த நாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து, பாபின் அடியில் அடைத்திருந்த பஞ்சுத் தூசியையெல்லாம் எடுத்து, ஊசியை மாற்றிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டுப் போன மெக்கானிக் தம்பிக்கும் நன்றி. பஞ்சு விரிப்பு வைத்து மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அந்தப் பாரத்தை எதிர்ப்பக்கம் நின்று தாங்கிப் பிடித்த என் வீட்டுக்காரருக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மடித்துத் தைப்பது குறுக்கு வழி, கையால் ஒவ்வொரு முக்கோணமாகத் தைப்பதுதான் உழைப்பு என்று இதைப் பார்த்த ஒருவர் சொன்னார். எனக்கு வருத்தமாக இருந்தது. கைத்தையல் குயில்ட்களை நான் கும்பிடுகிறேன். ஆனால் என்னிடம் இருந்தது ஆறு வாரம், நைந்த துணி, ஒரே ஒரு பெட்டி. இந்த முறைகள் இல்லாவிட்டால் அந்தத் துணி இன்னும் பெட்டியிலேயே இருந்திருக்கும், அப்பா வெறும் கையோடு குடிபோயிருப்பார்.

அப்பா அதை மடியில் விரித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பார்டர் முக்கோணங்களின் சாய்வு மடிப்பை ஓரத்தையல் போட்டு அடக்கியிருந்தேன், துவைக்கும்போது மடங்காமல் இருக்கட்டும் என்று. போ டை முடிச்சுகளை மட்டும் அப்படியே தளர்வாக விட்டிருந்தேன், அக்கா சொன்னபடி. அப்பா ஒரு முடிச்சின் மடிப்புக்குள் கட்டைவிரலை நுழைத்துத் துணியைத் தடவிப் பார்த்தார். "இது அந்தப் பச்சைதானே" என்றார். அதன்பின் அடுத்த முடிச்சு, அதற்கடுத்த முடிச்சு.

அம்மாவின் துணியில் 3½ அங்குலச் சதுரம் இன்னும் பதினொன்று மிச்சம் இருக்கிறது. அக்கா, சித்தி, பெரியம்மா, ஆளுக்கு ஒரு போ டை தைத்துத் தருகிறேன். எந்த நிறம் வேண்டும் என்று சொல்லுங்கள். சித்தி, கட்டர் இன்னும் இரண்டு வாரம் என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் எல்லோராலும் இதை முடித்தவள்