'படுகாயம்' என்று போட்ட பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் தினமும் தவறாமல் ஒரு வரி வரும்: 'படுகாயமடைந்த அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வருகிறார்.' 2023 ஆகஸ்ட்டில் ஒரு நாள் அந்த வரி என் வீட்டுக்காரரைப் பற்றி வந்தது. மொத்தமே நாலு வரிச் செய்திதான். வேலை முடிந்து பைக்கில் வரும்போது நாய் குறுக்கே பாய்ந்தது, தடுமாறி விழுந்தார், தலையில் பலத்த அடி. ஹெல்மெட் பைக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது செய்தியில் இல்லை, அதை நான்தான் சேர்க்கிறேன். அவர் இறந்திருந்தால் மறுநாள் இன்னொரு செய்தி போட்டிருப்பீர்கள். பிழைத்துக்கொண்டார், அதனால் செய்தி அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டரை வருடமாக எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், இடம் போதாவிட்டால் கோயில் விஷயத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

உயிரைக் காப்பாற்றியதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். 108 சீக்கிரமே வந்தது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் அரசு கொண்டுவந்த திட்டம் இருக்கிறதே, அதில் முதல் 48 மணி நேரச் செலவை அப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்றது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் சரி. பணம் கட்டினால்தான் ஆபரேஷன் என்று யாரும் எங்களை வாசலில் நிறுத்தவில்லை. அதன் பிறகு ஆன செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு பாதி, என் நகைக்கடன் பாதி. சேர்த்த அன்று அவருடைய சீட்டில் 8 என்று எழுதியிருந்தது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது என்று மூன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்களாம், முழு மார்க் 15, ஒன்றுமே இல்லாவிட்டாலும் 3, எட்டோ அதற்குக் கீழோ வந்தால் கடுமையான காயம் என்று கணக்கு. 1974இல் கிளாஸ்கோ ஊர் மருத்துவர்கள் இரண்டு பேர் உண்டாக்கிய முறை என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி விளக்கினார். அதிலிருந்து தினமும் காலையில் நர்ஸ் அக்காவிடம், பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு நிற்கும் அம்மா மாதிரி, 'இன்னைக்கு எத்தனை மார்க்குங்க' என்று கேட்பதே எனக்கு வேலை.

இடது பக்க மண்டை ஓட்டில் உள்ளங்கை அகலத்துக்கு எலும்பை எடுத்து, ரத்தக்கட்டியை அகற்றி, மூளை வீங்குவதற்கு இடம் விட்டு, எடுத்த எலும்பை அவர் வயிற்றிலேயே தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். நாலு மாதம் கழித்து மறுபடி எடுத்துத் தலையில் பொருத்தினார்கள். நடுவில் அவர் வயிற்றைத் தடவிப் பார்த்து 'இது என்ன ராடு' என்று கேட்பார். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் ஃபோர்மேனாக இருபது வருடம் வேலை பார்த்தவர், பொருள்களின் பெயர் எல்லாம் தொலைந்துபோன சமயத்தில் அவரிடம் மிஞ்சியது 'ராடு' ஒன்றுதான். டம்ளரும் ராடு, தலையணையும் ராடு, நானும் ராடு.

34ஆம் நாள் டிஸ்சார்ஜ். மாத்திரைச் சீட்டு கொடுத்தார்கள், கட்டுப் பிரிக்கும் தேதி சொன்னார்கள், எலும்பு இல்லாத பக்கம் அழுத்திப் படுக்க விடாதீர்கள் என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வரப்போகிறவர் பழைய ஆளாக இருக்க மாட்டார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு அதில்தான் கோபம், இன்றைக்கும்.

ஏனென்றால் கை காலை நாங்கள் எதிர்பார்த்தோம். வலது கை பலமில்லாமல் இருந்தது, அதற்குப் பயிற்சி கொடுக்க மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி தங்கச்சி வீட்டுக்கே வந்தது, ஆறு மாதத்தில் தட்டில் பிசைந்து சாப்பிடும் அளவுக்குக் கை வந்துவிட்டது. எதிர்பார்க்காதது கோபம். இருபத்திரண்டு வருடத்தில் என்னை ஒருமுறைகூட 'ஏய்' என்று கூப்பிடாத மனுஷன், சாம்பாரில் முருங்கைக்காய் இல்லை என்று தட்டை விசிறி அடித்தார். மகள் படிக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் போவார். வந்தவர்கள் முன்னால் சொல்லக் கூடாத வார்த்தை எல்லாம் சொல்வார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் நடந்ததே நினைவில் இருக்காது, அல்லது நடக்காத ஒன்றைச் சொல்வார், 'இப்பத்தான் பட்டறையில் நாலு வண்டிக்குக் கூரை போட்டுட்டு வந்தேன்' என்று. பொய் சொல்கிறார் என்று நினைத்து நானும் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாள் கையை ஓங்கிவிட்டேன். அவர் குழந்தை மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இன்னொரு பக்கம், ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பார். தட்டில் சோறு இருக்கும், பசியும் இருக்கும், 'சாப்பிடுங்க' என்று சொன்னால்தான் கை போகும். கொழுந்தனார் 'நல்லாத்தானே இருக்கான், உடம்பு வளைய மாட்டேங்குது' என்றார்.

எட்டு மாதம் கழித்து வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில், மனநல ஆலோசகர் ஒரு அம்மா எங்களை முக்கால் மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ஒரு வேலையை ஆரம்பிக்கச் சொல்வதும், வேண்டாத வேலையை நிறுத்தச் சொல்வதும், அங்கே அடிபட்டால் கிளட்சும் வேலை செய்யாது பிரேக்கும் வேலை செய்யாது என்றார். நினைவில் ஓட்டை விழுந்த இடத்தை மூளை தானாகவே ஒரு கதையால் அடைத்துக்கொள்ளும், அது பொய் கிடையாது என்றார். அவர்தான் ஃபினியஸ் கேஜ் கதையையும் சொன்னார். 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் ஃபோர்மேன், பாறைக்கு வெடி வைக்கும்போது இரும்புக் கம்பி கன்னத்தில் ஏறி மண்டை வழியாக வெளியே போயிருக்கிறது, ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் 'இது பழைய கேஜ் இல்லை' என்று கூட்டாளிகள் சொன்னார்கள் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே எழுதி வைத்திருக்கிறாராம். அவரும் ஃபோர்மேன் என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் யோசித்தேன், 1848லிருந்து தெரிந்த விஷயத்தை 2023இல் டிஸ்சார்ஜ் சீட்டோடு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? அந்த முக்கால் மணி நேரம் எட்டு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் நான் கையை ஓங்கியிருக்க மாட்டேன்.

நடுவில் வலிப்பும் வந்தது. இத்தனை நாள் வரவில்லையே, இனி எதற்கு என்று மாத்திரையை நாங்களாகவே நிறுத்தியதன் விளைவு, ஐந்தாம் மாதம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். சாவியால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் 108ஐக் கூப்பிட வேண்டும். இதுவும் பிறகு கற்றுக்கொண்டதுதான். டாக்டர் சொல்லாமல் அந்த மாத்திரையை மட்டும் யாரும் நிறுத்தாதீர்கள்.

சரி, கோயில் விஷயம். எங்கள் கரூர் மாவட்டத்தில் மேட்டு மகாதானபுரத்தில் ஆடி மாதம் மகாலட்சுமி கோயிலில் பக்தர்கள் தலையில் தேங்காய் உடைப்பார்கள், தமிழ்நாட்டுக்கே தெரியும். என் மாமியார், எழுபது வயது, மகனுக்குப் புத்தி தெளிந்தால் தன் தலையில் தேங்காய் உடைத்துக்கொள்வதாக வேண்டிக்கொண்டு வந்து நிற்கிறார். 'அத்தை, இந்த வீட்டில் ஒரு மண்டை போதும்' என்று சொல்லிவிட்டேன். விபத்துக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான், அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. மாமியார் இப்போது வெள்ளிக்கிழமை விளக்கோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் எங்களுக்குப் பலித்ததையும் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் யாராவது படிக்கலாம். தினசரி காலண்டர் தாளைக் கிழிப்பது அவர் வேலை, கிழித்துவிட்டுத் தேதியைச் சத்தமாகப் படிப்பார். அன்றைக்குச் செய்ய வேண்டியதை மகள் ஒரு சின்னக் கரும்பலகையில் மூன்று வரிக்கு மேல் போகாமல் எழுதுவாள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்போம், 'டீயா காபியா, இப்பவா அப்புறமா' என்று அடுக்கினால் கோபம் வந்துவிடும். சாப்பிடும்போது டிவி கிடையாது. மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும், இந்த அசதி சோம்பேறித்தனம் இல்லை, நாம் யோசிக்காமல் செய்வதை எல்லாம் அவர் மூளை ஒவ்வொன்றாக மெனக்கெட்டுச் செய்கிறது. நடக்காததை நடந்ததாகச் சொன்னால் மறுப்பதில்லை, 'அப்படியா, கை கழுவிட்டு வாங்க' என்று பேச்சை மாற்றிவிடுவேன். கல்யாண மண்டபம் ஒரு மணி நேரம், அதுவும் மேளச் சத்தம் எட்டாத ஓரத்தில். கேஸ் அடுப்புப் பக்கம் தனியாக விடுவதில்லை, ஏனென்றால் வாசனை போய்விட்டது. தலை அடிபட்டவர்கள் பலருக்கு இப்படி ஆகுமாம், மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்பு அந்த அதிர்ச்சியில் அறுந்துவிடுகிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவர் அவர். பால் தீய்ந்து வீடே புகைந்தாலும் இப்போது தெரியாது.

உறவுக்காரர்களுக்கு ஒன்று. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் குனிந்து முகத்துக்கு நேராக 'நான் யாருன்னு தெரியுதா?' என்று கேட்காதீர்கள். ஒரே நாளில் பதினோரு பேர் கேட்டார்கள். தெரியாமல் முழிப்பது அவருக்கு எத்தனை அவமானம் என்று அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும். 'நான் உங்க பெரியம்மா மகன், குளித்தலையிலிருந்து வந்திருக்கேன்' என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம், எங்கள் வீட்டில் ஒரு அலமாரியே நிறைந்து கிடக்கிறது. அதற்குப் பதில் ஒரு மணி நேரம் அவரோடு இருங்கள், நான் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வருகிறேன்.

அரசுக்கும் ஒன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. தலைக்காயத்தால் வரும் மூளைப் பாதிப்பு அதில் தனி வகையாக இல்லை. ஊனச் சான்றிதழ் முகாமுக்கு அழைத்துப்போனேன், கை காலை நீட்டச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள், 30 சதவீதம் என்று போட்டார்கள். 40 இருந்தால்தான் பெரும்பாலான சலுகை. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவிக்கு அதுவும் போதாது, கடும் பாதிப்பாக இருக்க வேண்டும். கை மடங்குகிறது, காலும் நடக்கிறது, ஆனால் கையில் நூறு ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று நிற்கிறார், அதற்கு எத்தனை சதவீதம்? பேங்கில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று அவர் பணத்தை அவருக்கே தரத் தயங்குகிறார்கள். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் 2024இல் பாதுகாவலர் உத்தரவு வாங்கினார் என்று படித்தேன். பட்டறைச் சம்பளம் நின்றுபோன வீட்டில் கோர்ட்டுக்குப் போக யாருக்கு முடியும்?

உயிர் காக்கும் 48 மணி நேரத்துக்கு ஒரு திட்டம் போட முடிந்த அரசால், டிஸ்சார்ஜுக்கு முன்னால் குடும்பத்தை உட்கார வைத்துத் தமிழில் ஒரு மணி நேரம் பேச ஓர் ஆளையும், மாவட்டத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி மையத்தையும் போட முடியாதா? முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்கிறார்கள், அந்த ஆறு மாதமும் நாங்கள் எதுவும் தெரியாமல் கோபித்துக்கொண்டே கழித்துவிட்டோம். அதன் பிறகும் முன்னேற்றம் நின்றுவிடவில்லை, மெதுவாக வருகிறது. போன மாதம் தண்ணீர் கேட்கும்போது 'டம்ளர்' என்றார்.

உங்கள் நிருபர் யாராவது, பழைய செய்திகளில் 'படுகாயம்' என்று வந்தவர்களில் பத்துப் பேர் வீட்டுக்கு ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டுக்கும் வரலாம், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் வேண்டாம், தூங்குவார்.

தயவுசெய்து என் பெயரைப் போடாதீர்கள். மகள் கல்லூரி இரண்டாம் வருடம், நாளைக்கு ஒரு வரன் வரும்போது 'அப்பாவுக்கு மண்டையில் ஏதோ கோளாறாமே' என்று ஆரம்பிப்பார்கள், இப்போதே தெருவில் ஒன்றிரண்டு பேர் ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கரூர்.