குங்ஃபூ படங்களைத் தமிழில் டப் செய்து போடும் தொலைக்காட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் வசனம் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நீங்கள் போடும் குங்ஃபூ படங்களைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே பார்த்து வருகிறவன் நான். ஜாக்கி சான் மெட்ராஸ் பாஷை பேசுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அந்தக் காலத்து ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலி பதியாமல்தான் எடுக்கப்பட்டன. வசனத்தைப் பிறகுதான் ஸ்டுடியோவில் சேர்த்தார்கள், பல நேரம் வேறொருவர் குரலில். அசலே டப்பிங் என்னும்போது உங்களை எப்படிக் குறை சொல்வது? யாரும் பேசாத இடங்களை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

'36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தையே எடுத்துக்கொள்வோம். லாவ் கார்-லியுங் இயக்கி, கோர்டன் லியு நடித்து 1978-இல் வந்த படம். பழிவாங்குவதற்காகச் சண்டை கற்க வரும் இளைஞன் சீனாவின் ஷாவோலின் புத்த மடத்தில் வருடக்கணக்காகப் படும் பாடுதான் படத்தின் உயிர். அங்கே படிப்படியாகப் பல பயிற்சிக் கூடங்கள். வந்த வேகத்தில் உச்சிக் கூடத்துக்கே போவேன் என்கிறான். அங்கே பிக்குகள் உட்கார்ந்து சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றும் விளங்காமல், தூக்கியெறியப்பட்டு, கீழிருந்து தொடங்குகிறான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர். மிதக்கும் கட்டைகளை மிதித்துத் தாண்ட வேண்டும், விழுந்து நனைந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. மேல்கையில் கத்தியைக் கட்டிக்கொண்டு தண்ணீர் வாளிகளைச் சுமக்க வேண்டும், கை தாழ்ந்தால் கத்தி விலாவில் குத்தும். கண்ணைப் பழக்கும் கூடத்தில் முகத்தின் இரண்டு பக்கமும் ஊதுபத்திகள் எரிகின்றன. அசையும் வெளிச்சத்தைத் தலை திருப்பாமல் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். சுடரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மூர் திராடகத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரியான பயிற்சி.

நான் பார்த்த ஒளிபரப்பில் அந்த ஊதுபத்திக் காட்சி பாதியோடு போய்விட்டது. மிச்சமிருந்த பாதியின் மேல் தடதடவென்று டிரம் சத்தம். வாயை இறுக மூடியிருக்கிற கோர்டன் லியுவின் உள்ளேயிருந்து, "ஐயோ, கண்ணு அவிஞ்சு போச்சே!" என்று ஒரு காமெடிக் குரல் வேறு.

இப்போதெல்லாம் காலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கப் பழகி வருகிறேன். காற்று மூக்கு நுனியைத் தொட்டு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பார்த்துக்கொண்டிருப்பது. மனசு கரண்ட் பில் பக்கம் ஓடினால் திட்டாமல் திரும்பக் கூட்டி வருவது. அவ்வளவுதான் வேலை. மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர் போட்டுச் செல்போனில் சந்தாவுக்கு விற்கிறார்களே, அதேதான். ஆனால் எனக்கு அந்த ருசியைக் காட்டியவை நீங்கள் போட்ட படங்கள். சண்டைக் காட்சியை ஊன்றிப் பார்த்தால் தெரியும்: அடி விழுவதற்கு முன்னால் ஒரு கணம் எல்லாமே நிற்கும். பாதம் தரையில் பதியும், தோள் இறங்கும், பார்வை ஓரிடத்தில் நிலைக்கும். அப்புறம் மளமளவென்று நாலைந்து அடி, மறுபடி ஒரு நிறுத்தம். பாட்டும் வித்தையும் கலந்த சீன நாடகமான பீக்கிங் ஓபராவின் மேடைத் தாளக்கட்டு அது. ஜாக்கி சான் சின்ன வயதில் அடி வாங்கி வளர்ந்ததும் அப்படியொரு ஓபரா பள்ளியில்தான். நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த நிறுத்தத்தை வெட்டிவிட்டால், திரையில் நாலு பேர் கைகாலை உதறிக்கொண்டிருப்பார்கள்.

இயக்குநர் கிங் ஹூவின் 'எ டச் ஆஃப் ஸென்' சுமார் மூன்று மணி நேரப் படம். முதல் சண்டை வரவே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை சிலந்தி வலை, ஆளுயரப் புல், பாழடைந்த கோட்டை. 1975-இல் கான் திரைப்பட விழாவில் தொழில்நுட்பத்துக்கான பரிசு வாங்கிய படம். உங்கள் எடிட்டர் கையில் சிக்கினால் பெயர் போட்டு முடிப்பதற்குள் மூங்கில் காட்டுச் சண்டை தொடங்கிவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஷாவோலின் படம் எது போட்டாலும் விளம்பரத்தில் புத்த பிக்கு போதிதர்மர் வந்துவிடுகிறார். "சீனாவுக்கே சண்டை கற்றுக்கொடுத்த தமிழன்!" சரி, பெருமைப்படுவோம். தென்னிந்தியாவிலிருந்து போனவர், ஒரு அரசரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பொன்று சொல்கிறது. காஞ்சிபுரம் என்பது பின்னால் வந்த மரபு. அவர் பெயரை உடற்பயிற்சியோடு சேர்க்கும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அவர் காலத்துக்கு ஆயிரம் வருடம் பிந்தையது. சுவரைப் பார்த்து உட்கார்ந்த தியானத்தோடு அவரைச் சேர்த்துச் சொல்லும் பதிவுகளோ அதைவிட மிகப் பழையவை. அவர் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்துவிட்டு, படத்தில் யாராவது உட்கார்ந்தால் உடனே கத்தரியை எடுக்கிறீர்கள்.

இரண்டரை மணி நேரத்துக்குள் படத்தையும் விளம்பரத்தையும் அடைக்க வேண்டிய உங்கள் நெருக்கடி புரிகிறது. மத்தியானக் காட்சிக்கு வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெட்டுங்கள். முழுப் படத்தையும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒருமுறை போடுங்கள், இல்லையென்றால் உங்கள் ஆப்பிலாவது ஏற்றிவையுங்கள். பாத்திரம் வாய் திறக்காத இடத்தில் வசனம் எழுதாதீர்கள். அசலில் இசை இல்லாத இடத்தில் இசை சேர்க்காதீர்கள், அதில் உங்களுக்குச் செலவும் மிச்சம். விளம்பரத்தைச் சண்டைக்கு நடுவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். சண்டையெல்லாம் எங்களுக்கு மனப்பாடம்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிற்றுக்கிழமை ரசிகன்