மாரிக்கு முன் பார்க்க வேண்டிய திகதிகள்

மட்டக்களப்பு

அன்பின் தோழிக்கு,

சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். திருக்கோவில் பக்கம் மருத்துவமாதுகளை மேற்பார்வை செய்யும் பொறுப்பு உனக்குக் கிடைத்தது மனதுக்கு நிறைவாய் இருக்கிறது. குடும்பத்திட்ட வேலையை எங்கிருந்து திருத்துவது என்று கேட்டிருந்தாய். புது முறை எதையும் தேடி அலையாதே. குளிசை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் லூப், கைக்குள் வைக்கும் குச்சி, கொண்டம் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பெண்கள் நழுவிப் போவது திகதியில்தான். பதிவேட்டை எடுத்து, ஊசி போடுகிறவர்களின் அடுத்த திகதிகளை முதலில் பார்.

எங்கள் பக்கம் மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு வாவியைக் கடப்பது இலேசாகிவிட்டது. ஆனால் பாலத்துக்கு அப்பால் படுவான்கரையின் தாழ்ந்த பாதைகள் மாரி வெள்ளத்தில் இன்னும் அறுந்துதான் போகின்றன. மூன்று மாத ஊசி 13 வாரத்துக்கு ஒருமுறை. திகதிக்கு இரண்டு வாரம் முந்தியும் போடலாம். உலக சுகாதார நிறுவன வழிகாட்டலின்படி நாலு வாரம் பிந்தி வந்தாலும் மேலதிகப் பாதுகாப்பு இல்லாமலே போடலாம். செப்டம்பர் 18இல் போட்டவளுக்கு டிசம்பர் 18 திகதி. முந்திப் போடுவதானால் டிசம்பர் 4. பிந்தினால் ஜனவரி 15 வரைக்கும் இடம் உண்டு. இந்த ஆறு வார இடைவெளிக்குள் பாதை திறந்திருக்கும் நாளைப் பிடிப்பதுதான் மருத்துவமாதுவின் கெட்டித்தனம். வெள்ளத்தில் அகப்படக்கூடியவள் கையில் கொண்டப் பெட்டி ஒன்றும் முன்கூட்டியே இருக்கட்டும். நாலு வாரச் சலுகையை மட்டும் பெண்களிடம் பெரிதாகச் சொல்லாதே. சொன்னால் அதுவே திகதியாகிவிடும். கார்ட்டில் உரிய நாளை மட்டும் எழுது.

பிந்தி வருபவளை "தீட்டு வந்த பிறகு வா" என்று திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்குப் பொறுக்காது. வேண்டாத கர்ப்பம் பல அங்கேதான் தொடங்குகிறது. கர்ப்பம் இல்லை என்று தெரிந்துகொள்ள ஆறே கேள்வி கேட்டால் போதும். பிள்ளை பிறந்து நாலு வாரம் ஆகவில்லையா? பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் இன்னும் வராமல் இருக்கிறாளா? ஏழு நாளுக்குள் கரு கலைந்ததா? கடைசித் தீட்டுக்கோ பிரசவத்துக்கோ பிறகு உறவே இல்லையா? தீட்டுத் தொடங்கி ஏழு நாளுக்குள்ளா? வேறு நம்பகமான முறையை ஒழுங்காகப் பாவிக்கிறாளா? ஒன்றுக்கு "ஓம்" வந்து, கர்ப்பக் குறி எதுவும் இல்லாவிட்டால் அன்றைக்கே போடலாம். தீட்டுத் தொடங்கி ஏழு நாள் கடந்திருந்தால் அடுத்த ஏழு நாளுக்குக் கொண்டம் பாவிக்கச் சொல்.

ஊசி போடும் கையையும் ஒருமுறை நின்று கவனி. குப்பியின் அடியில் வெள்ளைப் பொடி படிந்து நிற்கும். நன்றாகக் குலுக்காமல் இழுத்தால் 150 மில்லிகிராம் முழுதாக ஏறாது. தசைக்குள் ஆழமாகப் போட்ட பிறகு இடத்தைத் தேய்க்கவும் கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரமே கரைந்து, மூன்று மாதம் நிற்க வேண்டியது நில்லாமல் போகலாம். குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும்.

பெண்கள் ஊசியை விடுவதற்குப் பெரிய காரணம் இரத்தப்போக்கு. முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாகப் படும். ஒரு வருடம் தொடர்ந்தால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தீட்டே நின்றுவிடும். "கெட்ட இரத்தம் உள்ளே தேங்குது" என்று பயந்து அடுத்த தரம் வரமாட்டார்கள். கருப்பையின் உள்தோல் தடிக்காததால் கழிய ஒன்றும் இல்லை, தேங்கவும் ஒன்றும் இல்லை என்று ஊசிக்கு முன்னமே சொல்லிவிட வேண்டும். பயந்த பிறகு சொன்னால் சமாளிப்பாகத்தான் கேட்கும். விட்ட பிறகு பிள்ளை தங்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரி பத்து மாதம் வரை செல்லும் என்பதையும் மறைக்காதே. அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்பவளுக்கு லூப்போ குளிசையோ பொருத்தம். பால் கொடுப்பவளுக்கு ஆறு மாதம் வரை மித்துரி என்ற இரட்டை ஹோர்மோன் குளிசை வேண்டாம்.

கணவன் கட்டாரில் என்றால் பெண் ஊசியை விட்டுவிடுவாள். அவர் இரண்டு மாத லீவில் வந்து இறங்குவார். வீட்டுக்குப் போகும்போது "அவர் எப்ப வாறார்?" என்று கேட்டு, மாதத்தைப் பதிவேட்டில் பென்சிலால் குறிக்கச் சொல். வருவதற்கு ஒரு கிழமைக்கு முன் அவள் கிளினிக்குக்கு வந்தாலே காணும்.

பிள்ளை நிறுக்கும் நாளிலேயே ஊசியையும் வைப்பது நல்லதுதான், தாய்மார் எப்படியும் வருவார்கள். ஆனால் வரிசை வேறு, திரை வேறாக இருக்கட்டும். திரிபோஷா சத்துமாவையும் ஊசியையும் ஒருவருக்கும் முடிச்சுப் போடாதே. கட்டாயப்படுத்தின வாசம் ஒருமுறை பட்டால் ஊர் முழுக்கக் கிளினிக்கை விட்டுப் போய்விடும்.

கைக்குள் வைக்கும் ஜடெல் குச்சி இரண்டும் ஐந்து வருடம் நிற்கும். வைக்க ஆள் உண்டு, எடுக்க ஆள் இல்லை என்ற நிலை மட்டும் வரக்கூடாது. எங்கே, எந்தக் கிழமையில் எடுப்பார்கள் என்று கார்ட்டின் பின்பக்கம் எழுதிக் கொடு.

நவம்பர் 15க்கும் ஜனவரி 15க்கும் இடையில் உன் பதிவேட்டில் எத்தனை பேருக்குத் திகதி வருகிறது என்று எண்ணி எனக்கு எழுது. மாத சராசரியைப் பார்த்துக் குப்பி கேட்டால் காணாது. மாரிக்கு முன் நடக்கும் கிளினிக்கில் எல்லாரும் ஒன்றாக வருவார்கள். எண்ணிக்கை தெரிந்தால் செப்டம்பர் கோரிக்கைக்குச் சேர்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
உன் தோழி